கிளிவ்டன் மாளிகையும் எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு வீடுகளும்

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றை மேலிருந்து பார்க்கும் கிளிவ்டன் மாளிகை இரண்டு தடவை எரிந்தது: 1795இல் ஒருமுறை, 1849இல் மறுமுறை. இப்போது நிற்பது 1851இல் சார்ள்ஸ் பரி வடிவமைத்தது. 1893இல் அஸ்டர் குடும்பம் வாங்கியது, 1942இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்தது, 1980களில் ஹோட்டலானது. கட்டடம் ட்ரஸ்டுக்கு, தொழில் குத்தகைக்காரருக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு பூட்டிக்கிடக்கிறது என்போர் யோசிக்கவேண்டிய ஒழுங்கு இது.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் பழைய சுண்ணாம்புச் சாந்து வீட்டை விடுதியாக்குவோர் செய்யும் முதற்பிழை சீமெந்துப் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைக்க, ஈரம் மேலேறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். அந்தச் சீமெந்துப் பூச்சைச் சுரண்டி, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் வெடிக்கும். வெயிலில் சடுதியாகக் காய்ந்தாலும் அதே கதைதான். நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

குளியலறையைப் பழைய அறைக்குள் திணிக்காதீர்கள். பின்பக்கம் தனிச்சுவர் எழுப்பிக் கட்டினால், குழாய் கசிந்தாலும் பழைய சுவர் தப்பும். கிணற்றுத் தண்ணீர் கடினமென்றால் ஹீற்றருக்குள் கல் படியும்.

கூரை பனங்கைமரமென்றால், சுவருக்குள் புதைந்த நுனியை ஆணியால் குத்திப் பாருங்கள். கறையான் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.