மண் இறுகுவதற்குள்

அக்டோபர் 9
இன்னும் பதில் வரவில்லை.

அக்டோபர் 12
பூண்டு நடுவதா, வேண்டாமா? இப்போது நட்டால் எடுப்பது ஜூலையில். அப்போது இந்த வீட்டில் யார் இருப்பார்களோ. இவரிடம் கேட்டேன். "நடு, யாராவது சாப்பிடுவாங்க" என்றார். அந்த 'யாராவது' தூங்கவிடவில்லை.

அக்டோபர் 17
சரி, நட்டாயிற்று. முழுப் பூண்டை இன்றைக்குத்தான் உடைத்தேன். முன்கூட்டியே பிரித்து வைத்தால் பல் காய்ந்துவிடும். பெருசெல்லாம் மண்ணுக்கு, பொடிசெல்லாம் சமையலுக்கு. தோல் உரிக்கவில்லை. தட்டையான அடி கீழே, கூர்நுனி மேலே, நாலு விரல்கடை ஆழம், 15 செ.மீ. இடைவெளி. ஒரு பல்லின் அடியில் வேர் வரும் இடம் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாகப் புடைத்திருந்தது. அதையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 18
தொலைபேசி அடித்தது. விளம்பரம்.

அக்டோபர் 23
வெங்காயத்தோடுதான் மல்லுக்கட்டு. பூண்டு குளிரைக் கேட்டு வாங்கும்; சில வாரமாவது நல்ல குளிரில் கிடந்தால்தான் பல் பல்லாகப் பிரியும், இல்லாவிட்டால் ஒற்றைக் குண்டாக நின்றுவிடும். வெங்காயத்துக்கு அதே குளிர் வினை. தண்டு பென்சிலைவிடத் தடித்த பிறகு குளிரில் மாட்டினால், வசந்தத்தில் குமிழை மறந்து பூத்தண்டு தள்ளும். அதனால் விதை வெங்காயத்தில் 2 செ.மீ.க்கு மேலிருந்ததை ஒதுக்கிவிட்டேன். நட்ட கையோடு பறவைகள் பிடுங்கிப் போட்டுவிட்டன. மறுபடி செருகினேன்.

நவம்பர் 2
மழை. பாத்தியில் தண்ணீர் தேங்குகிறதா என்று குடையோடு போய்ப் பார்த்தேன். தேங்கினால் பல் அழுகும். இவர் ஜன்னலில் நின்று சிரித்தார். நான் பேசவில்லை.

நவம்பர் 6
இரண்டு இடத்தில் பச்சை முளை. நுனி கருகினாலும் போகட்டும், கீழே வேர் பிடித்திருந்தால் வசந்தத்தில் தானே எழும். அதற்கு நாலைந்து வாரமாவது மண் குளிரில் உறைந்து இறுகாமல் இருக்க வேண்டும். இவர் அட்டைப்பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார். எதற்கென்று கேட்கவில்லை.

நவம்பர் 14
காலையில் மேல்மண் கரகரத்தது. வைக்கோல் பரப்பினேன், தாராளமாகவே. உறைவதால் கெடுதல் இல்லை. உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி நடந்தால்தான் பல் மேலே தள்ளப்பட்டு வேர் அறும். எதுவானாலும் ஒரேயடியாக ஆகிவிட்டால் தேவலை.

நவம்பர் 19
காற்றில் வைக்கோல் பக்கத்துத் தோட்டம்வரை போயிருக்கிறது. வலை போட வேண்டும். வலை எந்தப் பெட்டியில்?