பாதி வழியில் நின்ற பணம்

அமெரிக்காவில் சம்பளத்திலிருந்து பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் கணக்குக்கு 401-கே என்று பெயர். எங்கள் நிறுவனத்தின் 401-கே கணக்கில், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நிரப்ப மூன்று கட்டங்கள் உண்டு: வரிக்கு முன், ராத் (வரி கட்டிய பணத்தைப் போட்டு, பின்னால் லாபத்தையும் வரியில்லாமல் எடுக்கும் வகை), வரிக்குப் பின். மூன்றாவதை ஆறு ஆண்டுகளாகக் காலியாகவே விட்டிருந்தேன். ராத்திலும் வரி கட்டிய பணத்தைத்தானே போடுகிறோம், ஒன்றையே இரண்டு பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு நினைப்பு. இரண்டும் வேறு என்று 2024 பிப்ரவரியில், உடன் வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர் சாப்பாட்டு வேளையில் துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர் முதல் இரண்டு கட்டங்களிலும் சேர்த்து அந்த ஆண்டில் போட முடிந்தது 23,000 டாலர். ஆனால் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்துக் கணக்கில் விழக்கூடிய மொத்த உச்சவரம்பு 69,000. எனக்கு நிறுவனம் தருவது 9,000. கழித்தால் 37,000 டாலருக்கான இடம் சும்மா கிடந்தது. நிறுவனத்தைச் சாராமல் நாமே தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கான ராத் ஐஆர்ஏவில் நேரடியாகப் போட எங்களுக்கு வழியில்லை; நானும் மனைவியும் சேர்ந்து ஈட்டுவது 2,40,000 வரம்பைத் தாண்டியிருந்தது. கிடைத்திருந்தாலும் ஆளுக்கு 7,000தான்.

அந்த இடத்தை மூன்றாவது கட்டத்தின் வழியாக நிரப்பி, பணத்தை ராத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி. எல்லாத் திட்டங்களிலும் இது நடக்காது. வரிக்குப் பிந்தைய பணத்தை ஏற்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே அதை ராத்துக்கு மாற்றவும் விட வேண்டும். கணக்கைப் பராமரிப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டாவது வசதி கிடையாது என்று அடித்துச் சொன்னார் ஒருவர். சந்தேகப்பட்டுத் திட்ட விளக்கக் கையேட்டை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். தூக்கம் வராதவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பேன். திட்டத்துக்குள்ளேயே ராத்துக்கு மாற்றலாம் என்று ஒரு பத்தி இருந்தது. மறுநாள் வேறொருவரிடம் அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் காத்திருக்க வைத்துவிட்டு, "ஆமாம், இருக்கிறது" என்றார்.

மார்ச்சில் மூன்றாவது கட்டத்தில் சம்பளத்தில் 12 சதவீதம் என்று நிரப்பினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் சம்பளத்தில் 692 டாலர் குறைந்தது. இந்தப் பங்களிப்பால் வருமான வரியில் ஒரு காசும் மிச்சமில்லை என்பதால் அடி முழுவதும் கைக்கு வரும் தொகையில்தான். மனைவி சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "வேலையில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள்.

ஜூன் கடைசியில் மதுரைக்காரர், "மாற்றிவிட்டீர்களா?" என்றார். எதை என்றேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கட்டத்தை நிரப்பினால் பணம் தானாகவே ராத்துக்குப் போய்விடும் என்று நம்பியிருந்தேன். எட்டுச் சம்பளத்தின் பணம், சுமார் 5,500 டாலர், பாதி வழியில் நின்றிருந்தது. அங்கேயே கிடந்தால் போட்ட தொகைக்குத்தான் மறுபடி வரியில்லை. அது ஈட்டும் லாபத்துக்கு எடுக்கும்போது சாதாரண வருமானம் போலவே வரி உண்டு. ராத்துக்குள் போய்விட்டால், ஐந்து ஆண்டும் கழிந்து ஐம்பத்தொன்பதரை வயதும் ஆனபின் லாபத்துக்கும் வரியில்லை. அன்றே அழைத்து மாற்றச் சொன்னேன். அதற்குள் 212 டாலர் லாபம் சேர்ந்திருந்தது. இனி ஒவ்வொரு சம்பளத்துக்கும் தானாக மாற்றும்படியும் கேட்டுக்கொண்டேன். அதற்கு இணையதளத்தில் பொத்தான் இல்லை. வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

செப்டம்பரில் குழந்தைக் காப்பகக் கட்டணம் ஏறியதும் 8 சதவீதமாகக் குறைத்துக்கொண்டேன். 37,000 நிரம்பவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

2025 ஜனவரியில், ஓய்வுக்காலக் கணக்கில் பணம் நகர்ந்ததை வரிக் கணக்குக்காகத் தெரிவிக்கும் 1099-ஆர் படிவம் வந்தது. அதன் முதல் கட்டத்தில், மாற்றிய மொத்தத் தொகையாக 13,000 டாலருக்கு மேல் போட்டிருந்தது. வரி மென்பொருளில் அதை மட்டும் நிரப்பியவுடன் கட்ட வேண்டிய வரி மூவாயிரம் டாலர் எகிறியது, எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு வரிக்குரிய தொகைக்கான 2ஏ கட்டத்தில் 212, ஐந்தாவது கட்டத்தில் நான் போட்ட தொகை, ஏழாவதில் நேரடி மாற்றம் என்பதைக் குறிக்கும் ஜி என்ற குறியீடு என்று ஒவ்வொன்றாக நிரப்ப, எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆண்டு வருமான வரிக் கணக்கைக் காட்டும் 1040 படிவத்தின் 5பி வரிசையில் கடைசியில் நின்றது 212. ஜூன் வரை மறந்திருந்ததற்கு மத்திய வரி சுமார் 51 டாலர்.