பாதமா, காலா? ஒரு மிஸ்ஸி முனைவர் பட்டம் வாங்கிய கதை

முதுகலைச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தாதியர் வாரியப் பதிவு, தாதியாக வேலை பார்க்க அந்த வருஷத்து உரிமமான ஏ.பி.சி., இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம், ஐந்து பக்க ஆய்வு முன்மொழிவு. நான் ஒரு தாதி, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி. தாதிமைத் துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது பல்கலைக்கழகம் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். ஒரே ஓய்வு நாளில் எல்லாவற்றையும் நகலெடுத்து, உறுதிப்படுத்தி, உறையில் போட்டுவிட்டேன். பதிவு செய்தது 2017 செப்டம்பரில். பட்டம் கைக்கு வந்தது 2024இல்.

இப்போது வார்டில் தங்கச்சிகள் யாராவது இரவு ஷிப்டில் மெதுவாக வந்து, "அக்கா, பிஎச்டிக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். பட்டியலைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அந்தப் பட்டியலில் இல்லாதவைதான் என்னுடைய ஆறரை வருஷத்தையும் தின்றன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் ஏணியைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து மூன்று வருஷ டிப்ளோமா, பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை, பிறகு வேலை பார்த்துக்கொண்டே இளங்கலை, முதுகலை. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா 4ஆம் நிலை, இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் 8. தாளில் பார்த்தால் அடுத்த படி ஒன்றே ஒன்று. ஆனால் என் முதுகலை பாடங்களாகப் படித்தது, ஆய்வு என்று செய்தது சின்னதாக ஒரு புராஜெக்ட். அதனால் முதல் வருஷம் ஆய்வு முறையியலும் புள்ளியியலும் கூடுதலாகப் படித்துத் தேறினால்தான் மேலே போகலாம் என்றார்கள். முதுகலையே இன்னும் தொடங்காதவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். பிஎச்டி எண்ணம் இருந்தால் ஆய்வுப் பங்கு கனமாக உள்ள முதுகலையைப் பிடிப்பது பின்னால் ஒரு வருஷத்தைக் காப்பாற்றும்.

அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, "டி.என்.பி. பண்ணு, அதுதான் வார்டு ஆளுக்கு ஏத்தது" என்றார். அது நோயாளியைப் பார்க்கும் பணிக்கான முனைவர் பட்டம். அங்குள்ள தாதிமைக் கல்லூரிகளின் சங்கம் 2004இல் அதற்கு ஆதரவாக முடிவெடுத்த பிறகு நன்றாகப் பரவிவிட்டது. நம் ஊரில் எனக்கு எட்டிய வழி ஆய்வுவழி பிஎச்டிதான். மாமா ஒருவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் வேண்டியதில்லை. பதிவு செய்த வாரமே, "டாக்டராகப் போறியே, என் முட்டி வலிக்கு ஒரு மருந்து எழுதிக் குடு" என்றார்.

சூப்பர்வைசர் கிடைப்பது விண்ணப்பத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை. இது எனக்குத் தெரியவில்லை. படிவத்தை அனுப்பினால் அவர்களே ஆளைப் போட்டுத் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஏழு பேருக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள், ஒருவர் ஒப்புக்கொண்டார். மூன்றாவது வருஷம் அவர் பணி ஓய்வு பெற்றார். துணை மேற்பார்வையாளரே முதன்மை ஆனார். நல்லவேளை அப்படி ஒருவர் இருந்தார். ஆரம்பத்திலேயே இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் இளையவராக இருக்கட்டும். சொல்ல ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் அவருடைய ஓய்வு வயதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணம்? அரசு ஊழியர்களுக்கு ஹாடியா லாத்திஹான் பெர்செகுத்துவான் என்ற அரசு படிப்புதவி உண்டு, படிப்பு விடுப்பும் கிடைக்கும். நான் தனியார். பகுதி நேரமாகப் படித்தேன். கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்தேன். மிச்சத்துக்கு ஓவர்டைம்.

ஆய்வுப் பொருள் என்னைத் தேடி வந்தது. சர்க்கரைப் புண்ணோடு வார்டுக்கு வந்து விரலையோ காலையோ இழந்துவிட்டுப் போகிற நம் ஆட்களை எத்தனையோ வருஷம் பார்த்தவள் நான். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களைத் தனியாக எடுத்தால் 31.4. தங்கள் கால்களை அவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அளக்க ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. அதைத் தமிழில் கொண்டுவந்து, தமிழில் அது சரியாக அளக்கிறதா என்று நிரூபிப்பது என் வேலை. மூலத்தை எழுதியவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். 28 கேள்வி. எனக்குத் தாய்மொழி தமிழ். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று முன்மொழிவில் தைரியமாக எழுதியும் கொடுத்தேன்.

விதிப்படி இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கம் செய்ய வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். முதல் கேள்வியிலேயே சண்டை. ஒருவர் "பாதம்" என்று எழுதியிருந்தார், இன்னொருவர் "கால்". கால் என்றால் இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்தான். பாதம்தான் துல்லியம். சரி என்று பாதத்தையே வைத்து, பட்டர்வொர்த்தில் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "உங்கள் பாதங்களைத் தினமும் பார்க்கிறீர்களா?" பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். "தினமும் காலையில விளக்கேத்தித்தான் பார்க்கிறேன்மா." சாமி பாதத்தைச் சொல்கிறார். கடைசியில் "உள்ளங்கால்", "கால் விரல் இடுக்கு" என்று இடம் இடமாகப் பிரித்து எழுத வேண்டியதாயிற்று.

அடுத்தது மரத்துப்போதல். மொழிபெயர்ப்பாளர் "உணர்விழப்பு" என்று போட்டிருந்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர், "இல்லம்மா, மயக்கம் வந்து விழுந்ததில்ல" என்றார்கள். "மரத்துப்போகிறதா" என்றதும் பெரியவர்களுக்குப் புரிந்தது. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள் யோசித்தார்கள். "கெபாஸா இருக்குமா?" என்றதும் எல்லோர் முகமும் தெளிந்தது. மலாய்ச் சொல்தான், ஆனால் பினாங்குத் தமிழில் அது எப்போதோ குடியேறிவிட்டது. ஆய்வேட்டில் கெபாஸ் வரலாமா என்று குழுவில் ஒரு மணி நேரம் பேச்சு. "மரத்துப்போதல், அதாவது கெபாஸ்" என்று இரண்டையும் போட்டோம். நீரிழிவையும் "இனிப்பு நீர்" என்றே எழுதினோம். கிளினிக்கில் யாரும் நீரிழிவு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆறு நிபுணர்கள் ஒவ்வொரு கேள்வியும் பொருத்தமா என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்கு 0.78க்குக் குறையக் கூடாது. அதாவது ஆறில் ஐந்து பேராவது ஒப்புக்கொள்ள வேண்டும், ஐந்துக்கு 0.83, நான்கு என்றால் 0.67. "வெறுங்காலில் நடக்கிறீர்களா?" என்ற கேள்வி 0.67இல் விழுந்தது. மூலக் கேள்வித்தாளில் அது முக்கியமான கேள்வி. ஆனால் மறுத்த இருவரில் ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: நம் வீட்டில் எல்லோரும் வெறுங்கால்தான், இதைக் கேட்டு என்ன பயன்? தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறுகிறவரிடம் "வெறுங்காலில் நடக்காதீர்கள்" என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அவர் தாளை மடித்து வைத்துவிட்டுப் பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வெயிலில் காய்ந்த தாரில் கால் கொப்புளித்தது அவருக்குத் தெரியவும் தெரியாது, நரம்புதான் கெபாஸ் ஆகிவிட்டதே. அந்த ஒரு கேள்வியை வீட்டுக்குள், வீட்டுக்கு வெளியே, கோயிலில் என்று மூன்றாக உடைத்தோம். 28 கேள்வி 30 ஆனது. இரண்டாம் சுற்றில் ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஆய்வேட்டில் எனக்குப் பெருமையான இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு கேள்விக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில் 300 பேர் வேண்டும். அவர்கள் இருப்பது அரசு கிளினிக்கில். அங்கேதான் பட்டியலில் இல்லாத பெரிய வேலை தொடங்கியது. நெறிமுறை அனுமதி ஒன்று வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி தனி. சுகாதார அமைச்சின் இடத்தில் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதுதான் எல்லோரும் என்.எம்.ஆர்.ஆர். என்பது, பதிந்து அமைச்சின் குழுவிடமும் வாங்க வேண்டும். மருத்துவ ஆய்வை முறையாக நடத்தக் கற்றுத்தரும் ஜி.சி.பி. பயிற்சி எடுத்துத் தேறிய சான்றிதழும் வைத்திருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் தலைவர் கையெழுத்துப் படிவம் வேறு. ஒப்புதல் கடிதத்தைத் தமிழில், மலாயில், ஆங்கிலத்தில் தயாரிக்க வேண்டும். தமிழ்க் கடிதத்தில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். திருத்தினால் பதிப்பு எண் மாறும், தேதி மாறும், மூன்று மொழிக் கடிதத்தையும் மறுபடி அனுப்ப வேண்டும். ஒரு "க்" போட்டதற்கு ஐந்து வாரம். பிழையோடே விட்டிருக்கலாம் என்று இப்போதும் சில நாள் தோன்றும். எல்லாம் சேர்த்து ஒன்பது மாதம். அனுமதிக்கு ஆயுள் ஒரு வருஷம், ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். தேதியைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள்.

முன்னோட்டத்துக்கு முப்பது பேர். காலை ஷிப்ட் முடிந்து, பாலம் தாண்டி நேராகப் போனதால் வெள்ளைச் சீருடையிலேயே உட்கார்ந்து கேட்டேன். பதிலெல்லாம் தங்கம். தினமும் காலைப் பார்க்கிறோம் மிஸ்ஸி, தினமும் துடைக்கிறோம் மிஸ்ஸி. பத்தொன்பதாவதாக ஒரு பாட்டி, அவரும் அப்படியே சொன்னார். கேள்வி முடிந்ததும் மோனோபிலமென்ட் சோதனை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழை அது. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் இழை வளையும் வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். சிலிப்பரைக் கழற்றினார். இடது சிலிப்பரின் அடியிலிருந்து ஒரு ஸ்டேப்ளர் முள் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேராக உள்ளங்காலில் காய்ந்த ரத்தம், சுற்றிலும் லேசான சிவப்பு. எத்தனை நாளாக என்று அவருக்குத் தெரியாது. இழையை நான்கு இடத்தில் அழுத்தினேன். நான்கிலும், "வெச்சிட்டியா?" என்று கேட்டார்.

அவரை உள்ளே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அப்புறம் வெளியே வந்து காரில் உட்கார்ந்து, முப்பது பேரில் அதுவரை வாங்கிய பத்தொன்பதையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றையும் நம்ப முடியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. வெள்ளைச் சீருடைக்கு என்ன பதில் சொன்னால் திட்டு விழாதோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். வருஷக்கணக்காக நாம் பழக்கியது அது. பத்தொன்பதையும் தள்ளிவிட்டு, சுடிதாரில் போய் முதலிலிருந்து தொடங்கினேன். "நல்லவங்க கூடச் சில நாள் பார்க்காம விட்டுடுவாங்க, நீங்க எப்படி?" என்று பேச்சைத் தொடங்கினால் உண்மை வந்தது.

120 பேர் முடிந்திருந்தபோது 2020 மார்ச் 18, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. கிளினிக்கில் ஆய்வாளருக்கு இடமில்லை. எனக்கும் வார்டில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எங்கள் பல்கலைக்கழக விதிப்படி ஆய்வேட்டுக்கு முன்னால் இரண்டு கட்டுரை வெளியாக வேண்டும். முதல் கட்டுரை மூன்று இதழில் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து, "மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணத்தைக் கட்டுங்கள்" என்று ஓர் இதழிலிருந்து இனிக்க இனிக்க மின்னஞ்சல். கட்டியிருப்பேன். சூப்பர்வைசர்தான், ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோப்பஸ் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை. அதுபோல, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று மாதத்துக்கு முன்பே அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும், மலாயில் ஆய்வுச் சுருக்கம் வேண்டும். கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டால் ஒரு செமஸ்டர் கட்டணம் வீண். இதைப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

வாய்மொழித் தேர்வு இரண்டு மணி நேரம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா, காரணிப் பகுப்பாய்வு என்று ராத்திரியெல்லாம் படித்துப் போயிருந்தேன். ஆல்பா 0.70க்கு மேல் வேண்டும், எனக்கு 0.84. வெளித் தேர்வாளர் அதைத் தொடவே இல்லை. அவருடைய முதல் கேள்வி: "நீங்கள் ஒரு தாதி. தாதியிடம் நோயாளிகள் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்?" சிலிப்பர் முள்ளைச் சொன்னேன். தள்ளிய பத்தொன்பதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சிறு திருத்தங்களோடு தேர்ச்சி, திருத்த மூன்று மாதம். செனட் ஒப்புதல் கடிதம் வந்த அன்று நான் இரவு ஷிப்ட்.

பட்டமளிப்புக்குப் பிறகு ஒரு நாள், கும்பிட்ட அந்தப் பட்டர்வொர்த் பாட்டியைப் பார்க்கப் போனேன். கட்டி முடித்த ஆய்வேட்டைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்னால் தமிழ்க் கேள்வித்தாள் இருந்த பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"என் பேரு எங்க இருக்கு?"

"பேரெல்லாம் போடக் கூடாது பாட்டி. எல்லாருக்கும் நம்பர்தான்."

"சரி, அப்போ என் நம்பர் என்ன?"

"அதையும் சொல்லக் கூடாது பாட்டி."

புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். "ஏழு வருஷம் படிச்சு இதைத்தான் கத்துக்கிட்டியா" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி கலக்க உள்ளே போனார். வீட்டுக்குள் சிலிப்பர் போட்டிருந்தார்.