ப்ளீஸுக்கு ஸ்வீடிஷில் என்ன?

ஸ்டாக்ஹோமில், மளிகைச் சாமானை வீட்டுக்கு அனுப்பும் ஒரு செயலியில் பரிசோதகனாக இருந்தேன். அதன் ஆங்கில வாசகங்களை ஸ்வீடிஷுக்கு மாற்றும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. குடியேறியவர்களுக்கு இலவசமாக நடத்தும் எஸ்.எஃப்.ஐ. வகுப்பை முடித்திருந்தேன், அவ்வளவுதான் தகுதி. நான் எழுதுவதைக் குழுவில் மூத்த ஸ்வீடன்காரப் பெண்மணி ஒருவர் திருத்துவார்.

முதல் வாசகம் 'ப்ளீஸ் வெயிட்'. அகராதியைப் பார்த்து 'ஸ்னெல்லா' என்று போட்டேன். "செயலி ஏன் இப்படிக் கெஞ்சுகிறது?" என்று கேட்டார். பிள்ளைகள் மிட்டாய்க்கு அடம்பிடிக்கும்போது வருகிற சொல்லாம் அது. 'வென்லிகென்' என்று ஒன்று உண்டு, ஆனால் அது அறிவிப்புப் பலகை மொழி. அன்றாடப் பேச்சில் ப்ளீஸுக்கு நேரான சொல்லே இல்லை. காபிக் கடையில் "ஒரு காபி, தாக்" என்பார்கள். தாக் என்றால் நன்றி. காபி கைக்கு வருமுன்பே சொல்லிவிடுவார்கள்.

இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அம்மாவிடம் 'தயவுசெய்து' என்று யாராவது தண்ணீர் கேட்டதுண்டா? நமக்கும் அது பலகையில் எழுதுகிற சொல்தான். "கொஞ்சம் தள்ளுங்க" என்பதில் 'கொஞ்ச'மும் 'ங்க'வும் அந்த வேலையைப் பார்த்துவிடுகின்றன.

ஆனால் அங்கே 'ங்க'வும் கிடையாது. எல்லோரும் 'டு', அதாவது நீ. (டூ விட்டால் நம்மூரில் பேச்சே நின்றுவிடும்!) அறுபதுகள் வரை நிலைமை வேறு. முன்னால் நிற்பவரையே படர்க்கையில் "டைரக்டருக்குக் காபி வேண்டுமா?" என்று கேட்பார்களாம். நாம் "சார் எப்ப வந்தீங்க?" என்று சமாளிப்பது போலத்தான். 1967இல் மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் 'டு' என்றே அழைப்பேன் என்று அறிவித்தார். ஏற்கெனவே பரவிவந்த பழக்கம் அதற்குப் பிறகு சட்டென்று நாடு முழுக்க வேரூன்றியது. இது தெரியாமல் நான் மரியாதை என்று நினைத்து எல்லா இடத்திலும் 'நீங்கள்' போல இருக்கும் 'நி' போட்டு வைத்திருந்தேன். அம்மையார் முகம் சுளித்தார். அவர் சிறுமியாக இருந்தபோது, தன்னைவிடத் தாழ்ந்தவர் என்று நினைப்பவரைக் கூப்பிடத்தான் பலர் அதைப் பயன்படுத்தினார்களாம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றினேன்.

'சாரி' பரவாயில்லை. சரக்கு தீர்ந்துவிட்டால் வருத்தம் சொல்ல ஒரு சொல், காலை மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேறொன்று. இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது.

உண்மையில் மாட்டிக்கொண்டது ஜூலையில். அந்த மாதம் ஸ்வீடனில் பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள், அம்மையாரும் போய்விட்டார். 'உங்கள் பணம் எவென்சுவலி திரும்பி வரும்' என்று ஒரு வாசகம். கொஞ்ச நாள் ஆனாலும் கடைசியில் வந்துவிடும் என்று பொருள். ஸ்வீடிஷில் அச்சு அசலாக 'எவென்துவெல்ட்' இருக்கிறதே என்று அதையே போட்டு அனுப்பிவிட்டேன். ஸ்வீடிஷில் அதற்கு 'ஒருவேளை' என்று அர்த்தம். பணம் வந்தாலும் வரலாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போய்விட்டது. "வருமா, வராதா?" என்று தொலைபேசிமேல் தொலைபேசி. அந்தச் சொல்லையே தூக்கிவிட்டு எத்தனை நாளில் வரும் என்று எண்ணைப் போட்டோம்.

கடைசியாக மிஞ்சியது 'கிராண்ட்மா' செய்த ஷெத்புல்லார், நம் கோலா உருண்டைக்குத் தூரத்துச் சொந்தம். "யாருடைய அம்மா?" என்றார் அம்மையார். அம்மாவின் அம்மா மொர்மொர், அப்பாவின் அம்மா ஃபார்மொர். மதுரைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், அம்மாச்சியும் அப்பத்தாவும்தான். என்னைக் கேட்டால் ஃபார்மொர் என்றேன். "என் ஃபார்மொருக்கு முட்டை வேகவைக்கவே தெரியாது" என்றார் அவர். மொர்மொர் என்றே போட்டோம். எங்கள் அப்பத்தா காதில் விழுந்திருந்தால் சும்மா விட்டிருக்காது.