இரண்டு வருடமாக அதே சீருடை
தொடக்கநிலை இரண்டில் வாங்கிய சீருடை, மகள் நான்காம் வகுப்புக்குப் போன பிறகும் அளவாகவே இருந்தது. ஓரத்தைக்கூடப் பிரித்துவிடவில்லை. சிங்கப்பூர் வெக்கையில் "அம்மா, குளிருது, ஃபேனை நிறுத்துங்க" என்பாள். மலச்சிக்கல் வேறு. சாப்பாடு சரியில்லை என்றே நினைத்தேன்.

மருத்துவர் சுகாதாரக் கையேட்டில் உயரக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். ஏழு வயதுவரை ஏறிய கோடு, அப்புறம் படுத்துவிட்டது. இரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் மிக அதிகம்; தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சோம்பினால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சைக் கூட்டிக்கொண்டே போகுமாம், எழும்பாத பிள்ளையைச் சத்தம்போட்டு எழுப்புவதுபோல.

"பிறந்தப்பவே தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டைப் பார்த்தாச்சே டாக்டர்?" என்று கேட்டேன். அது பிறவிக் குறைக்கான சோதனை என்றார் அவர்: சுரப்பி இல்லாமலிருப்பது, இடம் மாறியிருப்பது, ஹார்மோன் சரியாகச் சுரக்காதது. இவளுக்கு வந்தது ஹாஷிமோட்டோ. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது. தைராய்டைக் குறிவைக்கும் டிபிஓ எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் உறுதியானது. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தைராய்டு சோம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாம். அயோடின் குறைவாலும் சோம்பும். என் அம்மாவுக்கும் தைராய்டு உண்டு. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தைராய்டு சோம்பும்போது, குழந்தை குண்டாவதைவிட, வளராமல் நிற்பதுதான் பெரிய அறிகுறி. பெற்றோர்களே, இன்றிரவு அந்தக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். கோடு படுத்திருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில், குறைந்த ஹார்மோனை ஈடுசெய்யும் லெவோதைராக்ஸின் மருந்து. அரை மணி நேரம் கழித்துத்தான் மைலோ. நேற்று அவளே ஃபேனைப் போட்டாள்.