ஈவினையை விழுங்கிய குறி

எங்கள் சங்கத்துக்கு இணையத்தளம் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது தமிழ் தட்டச்சு என்றாலே எங்களுக்குப் பாமினிதான். ஊரிலும் சரி, ரொறன்ரோவிலும் சரி, கலியாண அழைப்பிதழில் இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் அதில்தான் அடித்தோம். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், பாமினியில் அடித்ததைக் கணினி தமிழாகவே பார்க்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த பொன்ட் அது. கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பக்கத்தைப் பார்க்க வருபவர் முதலில் அந்தப் பொன்டை இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தெரிவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்.

தளத்தில் அங்கத்தவர்களின் ஊர்ப் பட்டியலை அகரவரிசையில் போட்டோம். இணுவில், ஈவினை, உரும்பிராய் என்று போகும். ஏற்றிய அன்றிரவே மூத்த அண்ணை ஒருவர் போன் எடுத்தார்.

“தம்பி, ஈவினை ஆக்களைச் சங்கத்தில இருந்து தள்ளி வைச்சிட்டீரோ?”

கோப்பைத் திறந்தால் ஈவினை இருக்கிறது. பக்கத்தில் இல்லை. இணுவிலுக்கு அடுத்து உரும்பிராய்.

விஷயம் இதுதான். பாமினியில் ஈ இருப்பது < குறியின் இடத்தில். காற்புள்ளி இருப்பதோ > குறியின் இடத்தில்! இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். இன் கட்டளைகள் எல்லாம் < இல் தொடங்கி > இல் முடிபவை. ஆக, ஈவினை என்று அடித்துக் காற்புள்ளியும் போட்டால் பிறவுசருக்கு அது ஒரு முழுக் கட்டளை. தனக்குத் தெரியாத கட்டளை என்றால் பிறவுசர் புகார் சொல்லாது, பேசாமல் தாண்டிப் போய்விடும். கணித சேர் சமனிலி படிப்பிக்கும்போது “பெரிய பக்கம்தான்ரா வாய் திறக்கும்” என்பாரே, அந்த வாய் இங்கே திறந்தால் அடுத்த > வரும்வரை எல்லாம் உள்ளே. காற்புள்ளி இல்லாமல் பத்தி முடிந்தால் இன்னும் மோசம், பொன்டை மூடும் கட்டளையையும் சேர்த்து விழுங்கிவிடும், கீழே ஆங்கிலத்தில் கிடந்த மின்னஞ்சல் முகவரி பாமினியில் தோன்றி யாருக்கும் வாசிக்க முடியாத தமிழாக நிற்கும். ஈழம் என்ற சொல் எத்தனை கட்டுரைகளில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருந்து லேசானது. குறியை நேரே எழுதாமல் அதன் எண்ணை எழுதுவது. < வேண்டுமானால் &#60; என்றும் > வேண்டுமானால் &#62; என்றும். இந்த எண்களைத் தொடக்கி வைப்பதே & என்பதால், அதையே காட்ட வேண்டுமென்றால் &#38;. ஆனால் முழுக் கோப்பிலும் ஒரேயடியாக மாற்றக் கூடாது, உண்மையான கட்டளைகளும் செத்துவிடும். எழுத்தை முதலில் மாற்றி, அப்புறம்தான் கட்டளைகளைச் சுற்றிப் போட வேண்டும்.

அதே வழியில் பக்கத்தின் அடியில் போடும் © குறிக்கு &#169;, லண்டன் கிளையின் சந்தாவுக்கு £ வேண்டுமென்றால் &#163;. இரண்டையும் பாமினிக்கு வெளியே எடுத்து எழுத வேண்டும், உள்ளே வைத்தால் அந்த இடத்தில் பொன்ட் என்ன உருவத்தை வைத்திருக்கிறதோ அதுதான் வரும். வேர்டில் இருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்தான் கடைசிவரை தொல்லை. பலரும் அதை &#147; என்று எழுதினார்கள். அது விண்டோஸின் சொந்த எண், சரியானது &#8220;.

பிறகு யுனிகோட் புழக்கத்துக்கு வந்தது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் முறை அது. 1997 டிசம்பரிலேயே வெளிவந்திருந்த எச்.டி.எம்.எல். 4.0 இந்த எண்களை யுனிகோட் எண்களாகத்தான் எடுத்தது, எனவே &#2949; என்றால் அ. தமிழ் என்று எழுத &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று அடிக்க வேண்டும். அப்படியே முழுக் கட்டுரையையும் போட்டவர்களும் உண்டு! இப்படி ஓர் எண்ணுக்கு 7 பைட், அதையே யுனிகோடை நேரே சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் எழுதினால் 3 தான்.

இந்த மலருக்காகப் பழைய பக்கங்களை யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மாற்றிகளிடம் கோப்பை அப்படியே கொடுத்தால் கட்டளைகளின் > எல்லாம் காற்புள்ளியாகிவிடும். &#60; இல் உள்ள அரைப்புள்ளியோ பாமினியில் மெய்க்குப் போடும் புள்ளி, அதுவும் மாறி எண் உடைந்துவிடும். அதனால் முதலில் கட்டளைகளை நீக்கி, எண்களைத் திரும்பக் குறிகளாக்கி, அதற்குப் பிறகே மாற்றியில் போடுகிறோம். பழைய மலர்களின் பாமினிக் கோப்புகள் யாரிடமாவது பிளாப்பியிலோ சீடியிலோ கிடந்தால், திருத்தாமல் அப்படியே அனுப்பிவிடுங்கள்.