மூன்று நிமிடத்தில் போன பர்கர் காசு

பில்லில் 7:03 என்று அச்சாகியிருந்தது. நான் செய்வது மிஸ்டரி ஷாப்பிங்: சாதாரண வாடிக்கையாளர் போல கடைக்குப் போய்ச் சாப்பிட்டு, அங்கே எல்லாம் எப்படி இருந்தது என்று வேலை கொடுத்த நிறுவனத்துக்கு ரிப்போர்ட் எழுதுவது. இந்த பர்கர் கடைக்கு எனக்குக் கொடுத்திருந்த நேரம் மாலை 5 முதல் 7 வரை. நான் 6:48க்கே வரிசையில் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம், சொன்ன ஆர்டரை ஆளாளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் எப்போது போய் நின்றோம் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது, பில்லில் உள்ள நேரம்தான் கணக்கு. ரிப்போர்ட்டை நிராகரித்துவிட்டார்கள். எனக்குத் தர வேண்டிய கட்டணமும் இல்லை, சாப்பிட்ட காசும் திரும்பாது.

மிஸ்டரி ஷாப்பிங்கில் இது எனக்கு நான்காவது வேலை. பதிவு செய்வது சுலபம்தான், அரை மணியில் முடிந்துவிடும். பதிவுக்கே காசு கேட்டால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். செக் அனுப்பி, "வங்கியில் போடுங்கள், அதில் ஒரு பகுதிக்கு கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்புங்கள்" என்பவர்களும் இருக்கிறார்கள். அது அப்பட்டமான மோசடி. செக் பிறகு திரும்பிவிடும், நஷ்டம் நம் தலையில்.

கடைக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு ஆசையே போய்விடும். வரிசையில் சேர்ந்தது, ஆர்டர் சொன்னது, தட்டு கைக்கு வந்தது என்று மூன்று நேரமும் குறித்துவைக்க வேண்டும். ஃப்ரைஸ் சூடாக இருந்ததா, கழிவறையில் சோப்பு இருந்ததா, குப்பைத்தொட்டி வழிந்ததா, கூடுதலாக ஏதாவது வாங்கச் சொன்னார்களா, பில் போட்டவர் பெயர் என்ன? முதல் தடவை பெயரைப் படிக்கிறேன் என்று பேட்ஜையே உற்றுப் பார்த்ததில், "ஏதாவது பிரச்சினையா?" என்று அவர் கேட்டேவிட்டார். இப்போதெல்லாம் போனில் யாருக்கோ செய்தி அனுப்புவது போல எனக்கே அனுப்பிக்கொள்கிறேன், நேரமும் அதிலேயே பதிவாகிவிடும்.

இரண்டாவது வேலையில் பசி மயக்கத்தில் போட்டோ எடுக்கும் முன்பே பர்கரைக் கடித்துவிட்டேன். கடித்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் எடிட்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே எடிட்டர், "நட்பாகப் பேசினார்" என்று நான் எழுதியதற்கு மட்டும், என்ன பேசினார், எப்படிப் பேசினார் என்று கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.

சரி, காசுக்கு வருவோம். சாப்பாட்டுச் செலவை ஒரு வரம்பு வரை தருவார்கள், அதற்கு மேல் போனால் நம் பாடு. கட்டணம் தனி, எனக்கு அது இன்னொரு பர்கர் வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. போய்வர 40 நிமிடம், கடையில் 25, விதிமுறைகளைப் படிக்க 20, ரிப்போர்ட்டுக்கு 65. ஆக மொத்தம் இரண்டரை மணி நேரம். வகுத்துப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. பணமும் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வந்தது, பெட்ரோலுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது.

மூன்றாவது வேலையில் மட்டும் கொஞ்சம் ஜெயித்தேன். மாதக் கடைசியில் யாரும் எடுக்காமல் கிடந்தது. நான் பேசாமல் காத்திருந்தேன், போனஸ் சேர்த்தார்கள், கட்டணம் இரட்டிப்பானது. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் உள்ள கடை என்பதால் தனியாகப் போகும் செலவும் இல்லை. ஆனால் அதே கிளையை அடுத்த சில வாரங்களுக்குத் தொட முடியாது, அதனால் இதைத் தொடர் வருமானமாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்று: பில்லை வாங்கிய கையோடு படம் எடுத்துவிடுங்கள், தட்டில் வைத்தால் எண்ணெய் ஊறி எழுத்து தெரியாமல் போய்விடும்.

அடுத்த வாரம் ஒன்று எடுத்திருக்கிறேன், நேரம் மதியம் 12 முதல் 2 வரை. 12:05க்கு பில் என் கையில் இருக்கும்.